ஊர்ப்பேச்சும் சபைத் தீர்ப்பும்

திருவண்ணாமலையில் வதந்தி மலையைச் சுற்றிவர பௌர்ணமி தேவையில்லை. 'அவங்க நடத்தை சரியில்லை' என்று ஒருவர் சொன்னால் போதும், சபைக் கமிட்டி கூடும் முன்பே தெரு தீர்ப்பு எழுதிவிடும். இந்த மாவட்டத்தில் மூன்று மரபுகள் வேரூன்றியுள்ளன: டேனிஷ் மிஷன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை, 1952இல் உருவான வேலூர் கத்தோலிக்க மறைமாவட்டம், ஆரணியில் அமெரிக்க ஆற்காடு மிஷன் செய்த பணிக்கு வாரிசான தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.). கணவன் மனைவியரில் ஒருவர்மீது விபசாரக் குற்றச்சாட்டு வந்தால் விசாரிக்கும் முறை என்ன?

மூன்றுக்கும் ஊற்று வேதாகமமே. ஒரே சாட்சியின் சொல்லால் குற்றம் நிலைக்காது என்கிறது உபாகமம் 19. முதலில் தனியே, பிறகு ஓரிருவர் முன், கடைசியில்தான் சபைக்கு என்று படி வகுக்கிறது மத்தேயு 18. கத்தோலிக்கருக்குத் தானியேல் 13ஆம் அதிகாரமாகவும் மற்றவர்களுக்குத் தள்ளுபடி ஆகமமாகவும் உள்ள சூசன்னா கதை இன்னும் கூர்மையானது. மதிப்புமிக்க இரண்டு மூப்பர்கள் அவள்மீது பழி சுமத்துகிறார்கள், மக்கள் நம்பிவிடுகிறார்கள். தானியேல் இருவரையும் பிரித்து, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். ஆளுக்கொரு மரத்தைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். சாட்சிகளை எண்ணினால் மட்டும் போதாது, சோதிக்கவும் வேண்டும்.

இதை விரிவாக எழுதிவைத்திருப்பது கத்தோலிக்க மரபு. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி, குற்றம் சொல்பவரே நிரூபிக்க வேண்டும் (விதி 1526). எவருடைய நற்பெயரையும் முறைகேடாகக் கெடுக்கக் கூடாது (விதி 220). துணையின் விபசாரத்தால் பாதிக்கப்பட்டவர் பிரிந்து வாழலாம். ஆனால் மன்னிக்கும்படி சட்டம் வலியுறுத்துகிறது. தாமாகப் பிரிந்தவர் ஆறு மாதத்துக்குள் திருச்சபை அதிகாரியிடம் வழக்கைக் கொண்டுவர வேண்டும் (விதி 1152).

லுத்தர் திருமணத்தைத் திருவருட்சாதனமாகக் கொள்ளவில்லை; விபசாரத்தை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றார். ஆற்காடு மிஷனின் சீர்திருத்த மரபில் மூப்பர் கூட்டமே ஒழுங்கு விசாரணை செய்யும். இவ்விரு வழிச் சபைகளிலும் கண்டிப்பின் கருவி திருவிருந்துத் தடை. ஊரறிந்த போதகரும் மூப்பரும் விசாரிப்பது இம்முறையின் பலம். அவர்களே உறவினராகவும் இருந்துவிடுவது பலவீனம்.

நாட்டுச் சட்டமும் தடுமாறித்தான் வந்தது. 1869ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டத்தில் கணவனுக்கு மனைவியின் விபசாரம் மட்டுமே போதும். மனைவியோ பொதுவாக அத்தோடு கொடுமையையோ கைவிடலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. 2001 திருத்தம்தான் இருவரையும் சமமாக்கியது. 2018இல் உச்ச நீதிமன்றம் விபசாரத்தைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது; மணமுறிவுக் காரணமாக அது நீடிக்கிறது. திருச்சபைத் தீர்ப்பாயம் தரும் தீர்ப்பு நாட்டுச் சட்டத்தின்முன் திருமணத்தைக் கலைக்காது என்பது 1996 மோலி ஜோசப் வழக்கிலேயே உறுதியானது.

ஆக, சபையின் தீர்ப்புக்கு இருப்பது சமூக எடை. மணவாழ்வை அது சட்டப்படி முறிக்காது. ஒருவரின் மானத்தை முறித்துவிடும். அதனால்தான் கவனம் கூடுதலாக வேண்டும். மரபுகள் ஒத்துப்போகும் அளவுகோல் தெளிவு: புகார் எழுத்தில் வரட்டும், இருவரையும் தனித்தனியே கேளுங்கள், உறவினரும் பகையாளியும் விசாரணையிலிருந்து விலகட்டும், கைப்பேசிப் படத்தையும் குறுஞ்செய்தியையும் சரிபார்க்காமல் சாட்சியாக்காதீர்கள், நிரூபணமாகும்வரை திருவிருந்தைத் தடுக்காதீர்கள். பழி பொய்யானால், அது பரவிய அதே சபையில் அப்படியே அறிவியுங்கள்.

மனைவியைப் பீடத்திலிருந்து விலக்கிவிட்டு அதே குற்றத்துக்குக் கணவனைக் கமிட்டியில் அமர்த்தும் சபை, வேதத்துக்கும் சட்டத்துக்கும் புறம்பாக நிற்கிறது. பொறுப்பாளர்களே, அடுத்த புகார் வரும்வரை காத்திராமல், இந்த விசாரணை முறையை உங்கள் சபை விதிகளில் இந்த ஆண்டே எழுதிவையுங்கள்.