கட்சிக்குள் அடங்காத கொள்கை: விட்டல் ராம்ஜி ஷிண்டேயும் திரு.வி.க.வும் – ஓர் ஒப்பீடு

முன்னுரை

பொதுவாழ்வில் ஈடுபட்டோரின் தன்வரலாறுகளை ஆராயும் திறனாய்வு, எழுதியவர் எக்கட்சியைச் சார்ந்தவர் என்னும் வினாவிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறது. அவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாதபோது, அவரை ‘நடுநிலையாளர்’ என்றோ ‘உறுதியற்றவர்’ என்றோ ஒதுக்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. புனேயைக் களமாகக் கொண்டு இயங்கிய விட்டல் ராம்ஜி ஷிண்டே (1873–1944), சென்னையில் இயங்கிய திரு.வி. கலியாணசுந்தரனார் (1883–1953) ஆகிய இருவரும் இவ்வாறு ஒதுக்கப்பட்டவர்கள். முன்னவர் ‘என் நினைவுகளும் அனுபவங்களும்’ எனப் பொருள்படும் தலைப்பில் மராத்தியிலும், பின்னவர் ‘வாழ்க்கைக் குறிப்புக்கள்’ என்னும் பெயரில் தமிழிலும் தன்வரலாறு எழுதினர். இவ்விருவரின் அரசியல் நிலையை ஒப்பிட்டு, கட்சிக்குள் அடங்காமை என்பதன் தன்மையைத் தெளிவுபடுத்துவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஷிண்டேயின் நிலை

புனே பெர்குசன் கல்லூரியில் பயின்ற ஷிண்டே, ஆக்ஸ்போர்டு மான்செஸ்டர் கல்லூரியில் ஒப்பியல் சமயம் கற்றுத் திரும்பி, பிரார்த்தனை சமாஜத்தில் சமயப்பணி ஏற்றார். 1906இல் பம்பாயில் தாழ்த்தப்பட்டோர்க்கான கல்வி, சமூகப் பணி இயக்கத்தைத் தொடங்கினார். 1912இல் புனேயில் குடியேறினார். அக்காலப் புனேயில் இரண்டு அரசியல் ஓடைகள் எதிரெதிரே பாய்ந்தன. ஒன்று, திலகரின் தலைமையில் தன்னாட்சியை முதன்மைப்படுத்திய தேசிய ஓடை. மற்றொன்று, புலேயின் சத்தியசோதக் சமாஜ மரபில் வந்து, தன்னாட்சி பிராமணர் ஆட்சியாகவே முடியும் என ஐயுற்ற பிராமணரல்லாதார் ஓடை.

ஷிண்டே இரண்டையும் வேண்டினார். 1917இல் மராத்தா ராஷ்டிரிய சங்கம் அமைத்துக் காங்கிரசின் தன்னாட்சிக் கோரிக்கைக்குப் பிராமணரல்லாதாரின் ஆதரவைத் திரட்டினார். இதனால் பிராமணரல்லாதார் தலைவர்களின் ஐயத்திற்கு ஆளானார். மறுபுறம், 1918இல் அவர் பம்பாயில் கூட்டிய தீண்டாமை ஒழிப்பு மாநாட்டில் திலகர் தீண்டாமையைக் கண்டித்து முழங்கினார். ஆயினும் அதற்கான உறுதிமொழியில் கையொப்பமிடவில்லை. மேடையில் ஏற்கப்பட்ட கொள்கை, நடைமுறைக் கடப்பாடாக மாறும்போது தேசிய அணி தயங்கியதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

1920ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் மராத்தியர்க்கென இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றை நாடாமல், சாதி அடிப்படையிலான ஒதுக்கீட்டைக் கொள்கையளவில் ஏற்க மறுத்து, புனேயில் பொது இடத்திற்குப் போட்டியிட்டுத் தோற்றார். எளிதில் கிடைக்கக்கூடிய பதவியைத் தன் கொள்கைக்கு ஒவ்வாத வழியில் பெற விரும்பாமையே இத்தோல்விக்கு வித்திட்டது எனலாம்.

திரு.வி.க.வின் நிலை

அதே 1917இல் சென்னையிலும் இத்தகையதோர் அமைப்பு உருவாயிற்று. நீதிக்கட்சியை ஏற்காத, ஆயினும் பிராமணரல்லாதார் உரிமையைக் கைவிட விரும்பாத காங்கிரசார், கேசவப் பிள்ளையின் தலைமையில் சென்னை மாகாணச் சங்கத்தைக் கண்டனர். அச்சங்கத்தில் திரு.வி.க.வும் பெரியாரும் இடம்பெற்றிருந்தனர். ஒருவரையொருவர் சார்ந்து இயங்காத இரு நகரங்களில், ஒரே ஆண்டில், ஒரே நெருக்கடி ஒரே வடிவிலான விடையைத் தோற்றுவித்தமை கருதத்தக்கது.

1925 காஞ்சிபுரம் மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய திரு.வி.க., வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை அனுமதிக்கவில்லை. பெரியார் காங்கிரசிலிருந்து வெளியேறினார். வெளியேறியவர் இயக்கம் கண்டார். உள்ளே நின்றவரோ நாளடைவில் கட்சியினின்று விலகித் தொழிலாளர் பணியில் ஊன்றினார். நாடு விடுதலை பெற்ற 1947இலேயே, ஆலைத் தொழிலாளர் போராட்டத்தையொட்டி, காங்கிரசு அரசே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. கட்சியைக் காக்க நின்றவரைக் கட்சி காவாமற்போன முரண் இது.

நடுநிலையா?

இவ்விருவரையும் நடுநிலையாளர் எனல் பொருந்தாது. வள்ளுவர் ‘நடுவு நிலைமை’ அதிகாரத்தில் வகுப்பது, இருபாலும் சாயாது தீர்ப்பளிப்பவனின் அறத்தை. ஷிண்டேயும் திரு.வி.க.வும் தீர்ப்பளிக்கும் இடத்தில் இருந்தவரல்லர், வழக்காடியவர்கள். தன்னாட்சி, சமூக நீதி ஆகிய இரண்டையும் முழுமையாக வேண்டினர். ஆனால் அக்காலக் கட்சிகள் ஒன்றை வேண்டியோர் மற்றொன்றை ஒத்திவைக்குமாறு பணித்தன. எனவே கட்சியின்மை இவர்பால் கொள்கைக் குறைவால் வந்ததன்று. கொள்கை மிகுதியால் வந்ததாகும்.

எனினும், இந்நிலையைப் போற்றுவதோடு திறனாய்வு நின்றுவிடலாகாது. கட்சிகளுக்கிடையே உலவும் வாய்ப்பே ஒருவகை உரிமைதான். தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதித்துவம் குறித்து 1919இல் சவுத்பரோ குழுவின்முன் சான்றளித்த அம்பேத்கர், ஷிண்டேயின் இயக்கம் முன்வைத்த வழிமுறையை ஏற்கவில்லை. தம் சார்பில் பிறர் பேசுவதன்று, தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையே தேவை என்பது அவர்தம் வாதத்தின் சாரம். ஷிண்டே 1930இல் சட்டமறுப்பில் ஈடுபட்டுக் கிடந்த அதே எரவாடா சிறையில்தான், 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் உருப்பெற்றது. எக்கட்சியிலும் இடம் காணாத அம்பேத்கர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியையும், 1942இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பையும் நிறுவினார். ஷிண்டேயின் இடமின்மை அவர் தேர்ந்துகொண்டது. அம்பேத்கரின் இடமின்மை அவர்மீது சுமத்தப்பட்டது. சுமத்தப்பட்டவர்க்குப் புதிய அமைப்பைக் கட்டுவது தவிர வேறு வழியில்லை. தேர்ந்துகொண்டவர்க்கோ, தன்வரலாறு எழுதும் வழியும் எஞ்சியிருந்தது.

முடிவுரை

ஷிண்டேயின் நூல் தலைப்பில் ‘நினைவுகள்’, ‘அனுபவங்கள்’ என்னும் சொற்களும், திரு.வி.க.வின் தலைப்பில் ‘குறிப்புக்கள்’ என்னும் சொல்லும் இடம்பெறுகின்றன. வெற்றியையோ இயக்க வரலாற்றையோ உரிமை கோராத சொற்கள் இவை. கட்சி வரலாறுகள் தம்மவரையும் எதிரிகளையும் பதிவுசெய்யும். இரண்டிலும் அடங்காதவரைப் பதிவுசெய்யா. அவ்விடைவெளியைத் தன்வரலாறு என்னும் வகைமை நிரப்பியுள்ளது. ஷிண்டேயின் வாழ்வை விரிவாக ஆராய்ந்த கோ.மா. பவாரின் மராத்தி நூல் 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது, அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர். இத்தகையோர் கட்சியின் வழியாக அன்றி, இலக்கியத்தின் வழியாகவே வரலாற்றுக்குள் நுழைகின்றனர் என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவாகும். ஒருவர் எக்கட்சியினர் எனக் கேட்பதற்கு முன், அவர் வேண்டிய அனைத்தையும் ஏற்கும் கட்சி அன்று இருந்ததா எனக் கேட்பதே தன்வரலாற்றுத் திறனாய்வின் முதற் கடன்.