கொன்றை எப்போது பூக்கிறது?

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் பேச வந்தவர், உலகின் முதல் சூழலியலாளன் சங்கத் தமிழன்தான் என்று அடித்துச் சொன்னார். அரங்கம் கைதட்டியது. இப்போது இயற்கை பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் முன்னுரையில் இந்த வாசகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைதட்டியவர்களை வாசலில் மறித்து, வரும் வழியில் எந்த மரம் பூத்திருந்தது என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்கவில்லை. நானும் பேருந்து ஜன்னலில் தூங்கிக்கொண்டு வந்தவன்தான்.

கொன்றையையே எடுத்துக்கொள்வோம். முல்லைத்திணையின் பூ, காருக்கு உரியது. இலக்கணக் கணக்கில் கார் என்றால் ஆவணியும் புரட்டாசியும். என் தெருமுனையில் நிற்கும் சரக்கொன்றையோ சித்திரை வெயிலில் இலை உதிர்த்துவிட்டு, மரமே மஞ்சளாகத் தொங்குகிறது. மலையாளிகள் விஷுக்கணிக்கு வைப்பதும் அதே பூ, அதே சித்திரை. மழை விழுந்த பிறகு ஒரு கொத்து, இரண்டு கொத்து வருவதுண்டு, அவ்வளவுதான். பாட்டில் வருவது வேறு கொன்றையா, பருவம் நகர்ந்துவிட்டதா, மரபு வகுத்த வழியில் புலவர்கள் போனார்களா? திணையைச் சூழலியல் என்று கொண்டாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வேடிக்கை என்னவென்றால், இதே வகைச் சந்தேகம் குறுந்தொகைக்கே இருக்கிறது. காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை மடத்தனமானது என்று தோழி ஏசும் பாட்டு நமக்கெல்லாம் பாடம். தலைவியைத் தேற்றத்தான் தோழி அப்படிப் பொய் சொல்கிறாள். ஆனால் அந்தப் பொய் எடுபட வேண்டுமானால், மரம் பருவம் தப்பியும் பூக்கும் என்பது கேட்கிறவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஒரு கண் விழித்திருக்கிறது. நாம் அந்தக் கண்ணை விட்டுவிட்டு அட்டவணையை எடுத்துக்கொண்டோம்: இன்ன நிலம், இன்ன பொழுது, இன்ன பூ. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஐந்தை மரத்தில் காட்டச் சொன்னால் கைப்பேசியை எடுக்கிறார்கள்.

சங்கத்துக்குப் பிந்திய பல நூற்றாண்டுகளை விரைந்து கடப்பதில் நஷ்டம் அதிகமில்லை. காப்பியங்களின் நாட்டுப்படலங்களில் ஆண்டு முழுவதும் எல்லாம் விளைகிறது; கம்பனின் கோசலத்தில் பஞ்சமும் இல்லை, ஆகவே பருவமும் இல்லை. காத்திருக்க வேண்டியிராத ஊரில் வானத்தை யார் அண்ணாந்து பார்ப்பார்கள்?

அண்ணாந்து பார்ப்பவர்கள் பள்ளு இலக்கியத்தில்தான் மறுபடி வருகிறார்கள். முக்கூடற்பள்ளில் வெள்ளம் வரப்போவதற்கான குறிகளைப் பள்ளர்கள் சொல்லும் இடம், என் கணக்கில், தமிழ் இயற்கை எழுத்தின் அசலான தொடக்கம். மின்னல் எந்தத் திக்கில் வெட்டுகிறது, காற்று எப்படிச் சுற்றுகிறது, கேணித் தவளை கத்துகிறதா, சேற்று நண்டு வளையை அடைக்கிறதா. நண்டு வளையடைப்பது காதலுக்கும் உவமையில்லை, பக்திக்கும் உவமையில்லை. அடைத்தால் ஏரைப் பூட்ட வேண்டும், அவ்வளவே. நெல்வகையும் மாட்டுவகையும் மீன்வகையும் அடுக்கி வரும் அந்த நூலைப் பட்டியல் என்று தள்ளியவர்கள் உண்டு. பட்டியல்தான். ஆனால் அந்த நெல்லை விதைத்தவர்களின் வாயிலிருந்து வந்த பட்டியல்.

உரைநடைக் காலத்தில் கிராமம் வந்தது, பருவம் அவ்வளவாக வரவில்லை. 1942இல் ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கொங்கு மண்ணை நாவலுக்குள் கொண்டுவந்தது. அதன் அக்கறை மனிதர்மீது, அது நியாயமும்கூட. பிறகு திரைப்படம் மண்வாசனையைக் கண்டுபிடித்தது. அன்றிலிருந்து நாசிக்கு மட்டும் வேலை, கண்ணுக்கு ஓய்வு.

இந்த இடைவெளியில் மயிலாப்பூரில் ஒரு மனிதர் இருந்தார். மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் சாகும்வரை 46 ஆண்டுகள் இயற்கைப் பத்தி எழுதினார். யானையும் புலியும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் சலிக்காமல் எழுதியவற்றில் காக்கையும் அணிலும் பல்லியும் இருந்தன. அவர் தமிழிலும் எழுதினார் என்பதை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில்கூடப் பதிய மறந்தன. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’, பெருமாள்முருகன் பதிப்பித்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ ஆகிய இரண்டும் இல்லையென்றால் அந்தத் தமிழ் பழைய இதழ்க் கட்டுகளில் செல்லரித்திருக்கும். கறாரான, ஈரமில்லாததுபோல் தோற்றம் காட்டும் தமிழ். எந்தப் பறவையையும் அவர் ‘அழகு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடமாட்டார். எங்கே உட்கார்ந்தது, எதைத் தின்றது, அப்போது என்ன மாதம் என்று பார்ப்பார்.

வேடந்தாங்கல் அவருக்கு வாய்த்த பொருத்தமான ஊர். நாரையும் கூழைக்கடாவும் ஐப்பசி, கார்த்திகையில் வந்து கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். அதனால்தான் ஊர்க்காரர்கள் வெடிச்சத்தத்தை விரட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கில அதிகாரியிடம் எழுத்தில் உறுதி வாங்கினார்கள். ஜீவகாருண்யம் என்று இதற்குப் பெயர் சூட்டுவது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவது. அவர்கள் கணக்குப் பார்த்தார்கள். கணக்குப் பார்த்ததால் பறவையையும் பார்த்தார்கள்.

இந்தக் கணக்கின் மகாவித்வான் கி. ராஜநாராயணன். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி, அங்கேயும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தன்னைப் பற்றி அவர் சொன்னதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொண்டோம். அது வாக்குமூலம். கரிசல் மானாவாரி பூமி. பங்குனியில் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். முதல் மழைக்கு அதே மண் குதிகாலில் அப்பி, நாலு எட்டு வைப்பதற்குள் ஆளுக்குப் புதுச் செருப்பு முளைத்துவிடும். அன்று அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை என்று பாட்டிகள் சட்டிபானையோடு விளக்கடிக்குப் போவார்கள். இப்படிப்பட்ட நிலத்தில் மேகத்துக்குப் பத்துப் பெயர் இருந்தால் அது சொல்வளம் மட்டுமில்லை, பிழைப்பு. 1982இல் ஒரு நாவலாசிரியர் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தது அதனால்தான். ‘கோபல்ல கிராமம்’ பெற்ற கவனத்தில் பத்தில் ஒன்று ‘பிஞ்சுகள்’ பெற்றிருக்கக் கூடாதா? பறவை முட்டை சேர்க்கும் சிறுவனின் கதை. குழந்தை இலக்கியம் என்று முத்திரை குத்திப் பரணில் போட்டோம். கூட்டுக்குள் கையை விடும் பையனின் ஆசையும் குற்றவுணர்வும் ஒன்றாக வரும் அந்தச் சிறிய புத்தகத்துக்கு, பறவைகளைப் பற்றிய நம் பெரிய புத்தகங்கள் பல ஈடாகாது.

கி.ரா.விடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் சம்சாரியின் திண்ணையிலிருந்து பார்க்கிறார். காட்டில் நாள் முழுக்க நின்றவர்களின் கண் 2000இல் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில்தான் முழுசாகத் திறக்கிறது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சக்கிலியச் சிறுவனுக்கு மேட்டுக்காட்டின் ஒவ்வொரு பனையும் தெரியும், ஒவ்வொரு ஆட்டின் குணமும் தெரியும். அந்த நிலத்தில் ஒரு பிடி அவனுக்குச் சொந்தமில்லை. இயற்கையை அறிந்தவன் யார், உடையவன் யார் என்ற கேள்வியைத் தவிர்த்த எழுத்தெல்லாம் நாட்காட்டிப் படம். பெருமாள்முருகனும் கொங்கு வட்டாரச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தவர் என்பது தற்செயல் இல்லை. சோ. தர்மனின் ‘சூல்’ (2016) கண்மாயையே நடுவில் வைத்தது. மடையும் கரையும் மீனும் மரமும் யார் யாருடைய பொறுப்பு என்று சொல்லும் முற்பகுதி அபாரம். பிற்பகுதியில் ஆசிரியர் ஆட்சியாளர்களைத் திட்டத் தொடங்கியதும் கண்மாய் வற்றிவிடுகிறது.

இப்போது அந்தத் திட்டுதான் முதலீடு. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய கோ. நம்மாழ்வார் 2013இல் மறைந்த பிறகு அவர் சொற்களைக் கடன் வாங்கிய பிரசங்கங்கள் பெருகின. ஊருக்குள் காலை வைத்து ஓர் ஆண்டு பார்த்தவர்கள் பெருகவில்லை. பாதி எழுத்து பாட்டியின் கம்மங்கூழை நினைத்து அழுகிறது, மீதி சங்கப்பாட்டைக் காட்டி நெஞ்சை நிமிர்த்துகிறது. வேப்பம்பூ இந்த ஆண்டு எந்தத் தேதியில் உதிர்ந்தது, தூக்கணாங்குருவி எந்தக் கிணற்றுப் பனையை விட்டுப் போனது என்று எழுதிவைத்த நோட்டுப் புத்தகம் ஒன்று வந்தால், முன்னுரையே இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன்.

கோவில்பட்டிக்கு மேற்கே போன பங்குனியில் ஆடு மேய்க்கும் ஒரு கீதாரியிடம் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, கொன்றை இந்தப் பக்கம் எப்போது பூக்கும் என்று கேட்டேன். தொரட்டியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

“கொன்னையா? அதை யாரு தம்பி பாத்தா. வேலங்காய் எப்பம் உலுக்கலாம்னு கேளுங்க, சொல்லுதேன்.”

கேட்டேன். மரம் மரமாகச் சொன்னார்.