அறிவுரையும் வறண்ட வாயும்

மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் உள்ளவர்களின் பற்களுக்காக மருத்துவத்துறை பெரும்பாலும் செய்வது அறிவுரை சொல்வதுதான்: இருவேளை பல் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள், பல் மருத்துவரைப் பாருங்கள். இதை இகழ்வதற்கில்லை. செலவு குறைவு, நோயாளி ஏற்கெனவே நம்புகிற செவிலியரே சொல்லிவிடலாம். பல்வலியை வாய்விட்டுச் சொல்லாத ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்பதே பெரிய காரியம்.

பலன் என்ன என்று பார்த்தால்தான் சங்கடம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர், டெர்பிஷயர், லிங்கன்ஷயர் பகுதிகளில், மனநோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களைக் கவனிக்கும் குழுக்களிடம் இதைச் சோதித்தார்கள். சில குழுக்களின் பணியாளர்களுக்கு மட்டும் பயிற்சியும் பல் நலம் குறித்த கேள்விப் பட்டியலும் கொடுத்தார்கள். பற்களை இன்னும் காப்பாற்றக்கூடிய கட்டத்தைத் தேர்ந்தது சரியான முடிவு. ஆனாலும் ஓராண்டுக்குப் பின், பல் மருத்துவரிடம் போனவர்களின் விகிதத்தில் அந்தக் குழுக்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. போனவர் சொத்தையை அடைத்துக்கொண்டு வந்தாரா, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாரா என்பதை அந்த அளவுகோல் சொல்லவும் சொல்லாது. இத்தகைய அறிவுரை பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வுக்குக் கிடைத்தவை மூன்றே. தெளிவான பலனுக்கு அவற்றில் சான்று இல்லை.

நோயாளிக்குத் தெரியவில்லை, அல்லது மறந்துவிட்டார் என்று அறிவுரை எடுத்துக்கொள்கிறது. மருந்துச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை. மனநோய் மருந்துகள் பலவும், அவற்றால் வரும் நடுக்கத்துக்காகத் தரப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடிலும் வாயை வறளச் செய்பவை. அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பது உமிழ்நீர். அது குறைந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கை குளிர்பானத்துக்கோ சர்க்கரை போட்ட தேநீருக்கோ போகும். இனிப்பைக் குறைக்கச் சொல்கிற இடத்திலேயேதான் அந்தத் தாகமும் எழுதிக் கொடுக்கப்படுகிறது! நெடுநாள் மருந்தால் நாக்கும் தாடையும் தாமாக அசையத் தொடங்கிவிட்டால் பல் செட்டும் சரியாக நிற்காது.

நூறாண்டுக்கு முன் அமெரிக்காவின் டிரென்டன் மருத்துவமனையில் ஹென்றி காட்டன், சொத்தைப் பல்லும் பித்துக்குக் காரணம் என்று நோயாளிகளின் பற்களைப் பிடுங்கித் தள்ளினார். அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லது. இன்று பல் பறிபோவதற்கு மருந்தும் ஒரு காரணம் என்று தெரிந்த பின்னும், பொறுப்பு முழுவதையும் பல்துலக்கி பிடிக்கும் கையிடமே விடுகிறோம்.

அறிவுரையை நிறுத்த வேண்டியதில்லை. நடுக்க மாத்திரை இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது, ஃப்ளோரைடு மிகுந்த பற்பசையை மருந்தோடு சேர்த்தே தருவது, பல் மருத்துவரிடம் உடன் அழைத்துப்போக ஒருவரை ஏற்பாடு செய்வது ஆகியவை இல்லாமல் அது வெறும் பேச்சு. முதல் இரண்டுக்கும் புதிய துறை எதுவும் தேவையில்லை. மருந்து எழுதுகிறவரே செய்துவிடலாம்.