அறிபுனைத் தொடர்கள்: பாணிகளும் தராதரமும்

நம் மன்றத்தின் வெள்ளிவிழா மலருக்கு, எல்லாப் பாணிகளையும் ஒருமுறை தொகுத்து எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். மூத்தவர்கள் பலர் இருக்க என்னிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்ததற்கு நன்றி. ஸ்பாக் யார், டாலெக் எது என்று நம் உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆகவே அடிப்படைகளை விட்டுவிடுகிறேன். ஒரு தொடரை எதை வைத்து நல்லது என்கிறோம், அந்த அளவுகோல் நமக்கு எங்கிருந்து வந்தது, இன்று அது என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறேன்.

வயதில் மூத்தது லண்டன் பாணி. 1953-இல் நைஜல் நீல் எழுதிய ‘குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ பிபிசியில் ஆறு வாரம் நேரலையாக ஒளிபரப்பானது. முதல் இரண்டு பகுதிகள்தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அந்த இரண்டே போதும், பயம் வசனத்திலிருந்து பிறக்கிறது, மேக்கப்பிலிருந்து அல்ல என்று காட்டுவதற்கு. சிட்னி நியூமன் திட்டமிட்டு, வெரிட்டி லாம்பர்ட் தயாரித்து, 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ இந்தப் பாணியை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அதன் சிகரம் ராபர்ட் ஹோம்ஸ். அவர் எழுதிய ‘தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி’ (1984) கதையில் வரும் குகை மிருகத்தைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் 2009-இல் ‘டாக்டர் ஹூ’ இதழ் அதுவரை வந்த கதைகளையெல்லாம் வாசகர் வாக்குக்கு விட்டபோது அதுதான் முதலிடம் பெற்றது. வாக்களித்தவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. அதே ஹோம்ஸின் ‘தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’ (1977) பற்றி வேறு விதமான வாதம் உண்டு. வசன அழகில் அதற்கு ஈடில்லை என்பார்கள் ஒரு சாரார். சீன வேடத்தை வெள்ளைக்கார நடிகருக்குக் கொடுத்ததையும், சீனர்களைச் சித்திரித்த விதத்தையும் மன்னிக்க முடியாது என்பார்கள் மறுசாரார். இரண்டும் உண்மை என்பதே நம் மன்றத்தின் நிலை. டெர்ரி நேஷன் உருவாக்கிய ‘பிளேக்ஸ் 7’ (1978–81) தொடரின் 52 எபிசோடுகளும் இந்தப் பாணியின் கறுப்புப் பக்கம். அதன் கடைசிக் காட்சியை எண்ணி இன்றும் வருந்துகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

அடுத்தது ராட் செர்லிங் பாணி. ‘தி ட்விலைட் ஸோன்’ 1959 முதல் 1964 வரை 156 எபிசோடுகள் வந்தது. அவற்றில் 92 செர்லிங் எழுதியவை. வாரம் ஒரு தனிக்கதை, வாரம் ஒரு தீர்ப்பு. இனவெறியையும் போர்ப் பித்தையும் நேராகப் பேச ஸ்பான்சர்கள் விடாத காலத்தில், வேற்றுக்கிரகவாசியின் வாயால் பேசினார் அவர். கடைசித் திருப்பத்தை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தந்திரம் என்று நினைத்துக் கொண்டார்கள். திருப்பம் முன்பே நட்டுவைத்த விதையிலிருந்து முளைக்கிறதா என்று பார்த்தவர்களே அந்தப் பாணியின் உண்மையான சீடர்கள்.

இனி எங்கள் பாணி. 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கை ராடன்பெரி பாணி என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் வாத்தியார் அப்படிச் சொல்ல ஒப்பமாட்டார். ராடன்பெரி கட்டிய வீட்டில் விளக்கேற்றியவர்கள் ஜீன் கூனும் டி. சி. ஃபொன்டானாவும் என்பார். தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’கைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயர்களை முதலில் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். தன் வீட்டுக் கூடத்தில் கேசட் போட்டுக் காட்டுவார். டைட்டிலில் எழுத்தாளர் பெயர் வரும் இடத்தில் படத்தை நிறுத்துவார். அந்தப் பெயரை எல்லோரும் குறித்துக்கொண்ட பிறகே கதை ஓடும். முடிந்ததும் மூன்று கேள்விகள். யார் எழுதியது? எந்த ஒரு கற்பனையை ஒப்புக்கொள்ளச் சொன்னார்? அந்தக் கற்பனையை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா? நின்றுவிட்டால் அது அறிபுனை அல்ல, வேடம் போட்ட வேறு கதை. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நன்றாயிருந்தது, நன்றாயில்லை என்று அந்தக் கூடத்தில் யாரும் வாய் திறக்க முடியாது.

பெயரைப் பார்ப்பதோடு நில்லாமல் பெயருக்குப் பின்னாலும் போகக் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் சீசனின் முதல் எபிசோடான ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ (1968) மோசமானவற்றின் பட்டியலில் எப்போதும் இருக்கும். எழுதியவர் லீ குரோனின் என்று டைட்டில் சொல்கிறது. அது வேறு நிறுவனத்துக்குப் போய்விட்ட ஜீன் கூன் வைத்துக்கொண்ட புனைபெயர். ‘தி டெவில் இன் தி டார்க்’ எழுதிய அதே கை. பாறைக்குள் வாழும் மிருகத்தை அசுரனாகக் காட்டி, கடைசியில் அது தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று நம்மைத் தலைகுனிய வைத்த கை. ஒரே எழுத்தாளரிடம் அந்த உயரமும் இந்தப் பள்ளமும் எப்படி வந்தன? வெள்ளி இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்ட ஒளிபரப்பு, வெட்டப்பட்ட பட்ஜெட், ஒதுங்கிக்கொண்ட ராடன்பெரி என்று வாத்தியார் வரிசையாகச் சொல்வார். காரணம் தெரிந்த பிறகும் எபிசோட் மோசமானதுதான் என்பார். ஆனால் காரணம் தெரிந்து சொல்வதற்குத்தான் தீர்ப்பு என்று பெயர்.

‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ (1967) இன்னொரு பாடம். ஹார்லன் எலிசனின் ஸ்கிரிப்டைக் கூனும் ஃபொன்டானாவும் மற்றவர்களும் திருத்தித் திருத்தி மாற்றினார்கள். திரையில் வந்த வடிவம் ஹ்யூகோ விருது பெற்றது. எலிசன் முதலில் எழுதிய வடிவம் எழுத்தாளர் சங்கத்தின் விருது பெற்றது. எலிசனுக்குக் கடைசிவரை கோபம் தணியவில்லை. எது சிறந்தது என்ற வாதம் எங்கள் கூடத்தில் பல ஞாயிறுகளை விழுங்கியது. நான் திரை வடிவத்தின் கட்சி. வாத்தியார் எலிசன் கட்சி. இரு வடிவங்களையும் படித்தவர்கள்தான் பேசலாம் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இந்தப் பரம்பரை 1987-இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில் தொடர்ந்தது. வழக்கறிஞராக இருந்த மெலிண்டா ஸ்னாட்கிராஸ் தாமாகவே எழுதி அனுப்பிய ஸ்கிரிப்ட்தான் ‘தி மெஷர் ஆஃப் எ மேன்’ (1989). டேட்டா என்ற ஆண்ட்ராய்டு ஒரு பொருளா, ஓர் ஆளா என்று ஒரு விசாரணை அறையில் நடக்கும் வழக்கு. வெடிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. வாத்தியாரின் மூன்று கேள்விகளுக்கும் இதைவிடச் சுத்தமான பதில் இன்றுவரை வரவில்லை என்பது என் உறுதியான கருத்து. அதே ஆண்டு மைக்கேல் பில்லர் அந்தத் தொடரின் எழுத்தாளர் குழுவுக்குப் பொறுப்பேற்று, யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று கதவைத் திறந்தார். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. செட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர் கொடுத்த ஸ்கிரிப்டும் அந்தக் காலத்தில்தான் தேர்வானது. அவர் ரொனால்ட் டி. மூர். ரசிகனுக்கும் எழுத்தாளனுக்கும் இடையே இருந்த சுவர் அன்று ஒரு கதவளவு திறந்தது.

நாவல் பாணிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர்களுக்கு இடம் சுருக்கமாகத்தான் இருக்கிறது. ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியின் ‘பாபிலோன் 5’ ஐந்தாண்டு நாவலாகத் திட்டமிடப்பட்டது. 110 எபிசோடுகளில் 92 அவரே எழுதினார். செர்லிங் எழுதிய அதே எண்ணிக்கை. மூன்றாவது, நான்காவது சீசன்கள் முழுக்க அவர் ஒருவரின் எழுத்து. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரில் ஐரா ஸ்டீவன் பேர் எழுத்தாளர் குழுவைக் கொண்டு அதே அகலத்தைத் தொட்டார். எது பெரிது என்று நம் மன்றத்தில் பிரிந்த நண்பர்கள் உண்டு. தனி ஒருவரின் பார்வை வேண்டுவோருக்கு முன்னது, பல கைகளின் செழுமை வேண்டுவோருக்குப் பின்னது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூர் பின்னாளில் எங்கள் பாணியிலிருந்து பிரிந்து, ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’வை (2004–09) மறு ஆக்கம் செய்து தனிப் பாணி கண்டார். அதன் கடைசி எபிசோடில் ஸ்டார்பக் என்ற விமானி காற்றில் மறைவதை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இன்றும் ஒரே வரிசையில் உட்காரத் தயங்குகிறார்கள். முடிவில் புது விதியை இறக்குமதி செய்யக்கூடாது என்பது வாத்தியாரின் இலக்கணம். அதன்படி நான் ஏற்காதவர்கள் பக்கம். ஆனால் அதுவரை வந்த பாதையின் பெருமையை மறுக்கமாட்டேன்.

இவ்வளவும் சொன்னது, வாதம் என்பது எப்படி நடந்தது என்று காட்டத்தான். ஐசக் அசிமோவ் 1966-இல் ‘டிவி கைட்’ இதழில், ‘ஸ்டார் ட்ரெக்’ உள்ளிட்ட தொடர்களின் விண்வெளிப் பிழைகளைச் சுட்டிக்காட்டி எழுதினார். ராடன்பெரி அவருக்கு விளக்கம் எழுதினார். அந்த வாதம் நட்பாக முடிந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ நிறுத்தப்படாமல் காக்க பீஜோ டிரிம்பிளும் அவர் கணவரும் கடிதப் படையைத் திரட்டியதும், 1968 ஜனவரியில் கால்டெக் மாணவர்கள் பர்பேங்கில் இருந்த என்பிசி வளாகத்துக்கு ஊர்வலம் போனதும், தாம் காக்க வந்தது எதை என்று தெரிந்தவர்கள் செய்த காரியங்கள்.

இன்று நல்ல தொடர்கள் வருவதில்லை என்று நான் சொல்லமாட்டேன். ‘தி எக்ஸ்பான்ஸ்’ 2018-இல் நிறுத்தப்பட்டபோது, ஆகாயத்தில் பதாகை பறக்கவிட்டு அதை மீட்ட ரசிகர்கள் கால்டெக் மாணவர்களின் உண்மையான வாரிசுகள். குறை தொடர்களில் இல்லை, பார்க்கும் முறையில் இருக்கிறது. யாரையும் பெயர் சொல்லிப் புண்படுத்த விரும்பவில்லை. இளைஞர்களின் ஆர்வத்தையும் மதிக்கிறேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்று தொடர் தொடங்கியதும் விரல் முதலில் தேடுவது டைட்டிலைத் தாண்டும் பொத்தானை. எபிசோட் முடிந்தால் பெயர்கள் ஒரு மூலையில் சுருங்கி, அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. எழுதியவர் யார் என்று கேட்டால், கம்பெனியின் பெயரைச் சொல்கிறார்கள்!

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. நம் கலையில் நேர்ந்த சரிவுகளெல்லாம் இந்த ஒரு பொத்தானில்தான் தொடங்குகின்றன என்பேன். எழுத்தாளர் பெயர் தெரியாதவருக்கு அவருடைய முந்தைய கதை தெரியாது. முந்தையது தெரியாதவருக்கு வளர்ச்சியும் தேய்வும் தெரியாது. அவை தெரியாதவர் கையில் மிஞ்சுவது நட்சத்திரக் குறி மட்டுமே. ஒரு சீசன் 26 எபிசோடுகளிலிருந்து எட்டுக்குச் சுருங்கியபோது ஏன் யாரும் போராடவில்லை? அங்கே வேலை இழந்தவர்களின் பெயர்களை யாரும் படித்ததில்லை. புதியவர் ஸ்கிரிப்ட் அனுப்பும் கதவு மூடப்பட்டபோது ஏன் ஊர்வலம் இல்லை? கதவு இருந்ததே தெரியாது. பழைய கதைகளையே புதுச்சட்டை போட்டு அனுப்புகிறார்களே, ஏன்? முதலில் எழுதியவரை மறந்த கூட்டத்திடம் எதையும் விற்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பது, பத்து நிமிடக் கதைச்சுருக்கம் கேட்டுவிட்டு மேடையேறி இதைவிட மோசமானது உலகத்திலேயே இல்லை என்று முழங்குவது, எல்லாம் அந்தப் பொத்தானின் பிள்ளைகள். அவர்கள் பார்த்த மோசமானவை எத்தனை? ‘ஸ்பாக்ஸ் பிரெய்ன்’ பார்த்திருப்பார்களா? எழுத்தாளர் வேலைநிறுத்தத்துக்குப் பின், காசு தீர்ந்து, பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிய ‘ஷேட்ஸ் ஆஃப் கிரே’ (1989) பார்த்திருப்பார்களா? மோசமானதைக்கூட மரியாதையாக அறிந்து வைத்திருந்த தலைமுறை நம்முடையது. அந்த மரியாதை போனால் நல்லதும் நம் கையைவிட்டுப் போகும்.

மன்றப் பெரியவர்களிடம் இந்த மலர் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். இனி நம் திரையிடல்களில் டைட்டிலை முழுமையாகக் காட்ட வேண்டும். எழுத்தாளர் பெயர் வரும் இடத்தில் வாத்தியார் செய்ததைப் போலவே படத்தை நிறுத்த வேண்டும். விவாத மேடையில் பேச வருகிறவர் அந்தப் பெயரையும், அவர் எழுதிய இன்னொரு கதையின் பெயரையும் சொல்லிவிட்டே தம் தீர்ப்பைத் தொடங்க வேண்டும். செயற்குழு இதைத் தீர்மானமாகவே நிறைவேற்றினால், அடுத்த கூட்டத்தில் முதலில் எழுந்து அந்த விதிக்கு உட்பட்டுப் பேச நான் தயாராக இருக்கிறேன்.