ஓ-ரிங் செயினும் ஆற்று மணலும்

திருச்சிக்குப் போனால் காவிரி, வடக்கே போனால் கொள்ளிடம். ஸ்ரீரங்கத்தில் பைக் வைத்திருப்பவருக்கு ஆற்றுமணலிலிருந்து தப்பிக்க வழியில்லை. ஆடிக்காற்றில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாலை சுற்றிவந்தால் போதும், எண்ணெய் பூசிய செயினில் பொடிமணல் அப்பிக்கொள்ளும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்தான். அது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே புகுந்து இரும்பை அரைக்கும்.

செயின் நீண்டுவிட்டது என்று மெக்கானிக் சொல்வார். தகடுகள் நீள்வதில்லை, மூட்டுகள்தான் தேய்கின்றன. 428 அளவுச் செயினில் பின்னுக்குப் பின் 12.7 மி.மீ. அப்படி 120 மூட்டுகள் இருந்து, ஒவ்வொன்றும் 0.1 மி.மீ. தேய்ந்தால், மொத்தம் 12 மி.மீ. கூடிவிடும். அடுத்து ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல வளையத் தொடங்கும்.

புஷ்ஷும் ரோலரும் கொண்ட இந்தச் செயினுக்கு ஹான்ஸ் ரெனால்ட் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றது 1880இல். அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பின்னால் வந்தவர்கள் சேர்த்த அழகான விஷயம் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே உற்றுப் பாருங்கள், மெல்லிய கோடாகத் தெரியும். தொழிற்சாலையில் பின்னைச் சுற்றி அடைத்த கிரீஸை அதுதான் வெளியே விடாமல் காக்கிறது. மணலையும் உள்ளே விடுவதில்லை. இந்த வளையம் போட்ட சீல்டு செயினுக்குக் கூடுதல் காசு கொடுக்கும்போது நாம் வாங்குவது அந்தக் கிரீஸைத்தான். அது போய்விட்டால் வெளியிலிருந்து எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே சேராது.

வளையத்திலும் ரகம் உண்டு. ஓ-ரிங் வட்ட வெட்டு, முழுதாக நசுங்கி உட்காரும். எக்ஸ்-ரிங்கின் நான்கு மெல்லிய விளிம்புகள் மட்டுமே தகட்டைத் தொடுவதால் உராய்வு குறைவு. செயினை விரலில் மடக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தங்க நிறத்துக்கு மயங்க வேண்டாம்; அது வெறும் மேற்பூச்சு. தமிழ்நாட்டுக்காரருக்கு ஒரு பெருமை: கடைகளில் பார்க்கும் ரோலான் கோவை எல்.ஜி.பி. தயாரிப்பு, டயமண்ட் சென்னை முருகப்பா குழுமத்தினுடையது. எதுவானாலும் செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் செட்டாக மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் சீக்கிரம் கெடும். முழு செயின் கவர் போட்ட 100 சிசி வண்டியில் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்வருபவருக்கு சாதாரணச் செயினே போதும் என்பேன். செயின் வெளியே தெரியும் 200 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்த ஆடம்பரம் நியாயம்.

மூட்டு லிங்க்கை மாட்டும்போது கூடவே இருங்கள். அதனோடு நான்கு குட்டி ரிங்குகள் வரும். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்தால் யாரும் தேடுவதில்லை. கிளிப் வகையானால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் இந்தச் செயின் அதிகம் கேட்பதில்லை, ஆனால் கேட்பதில் கறார். பெட்ரோலும் தின்னரும் ரப்பரைக் கெடுக்கும்; கம்பி பிரஷ் அதைக் கிழிக்கும். வாட்டர் சர்வீஸ் பையன் குழாய் முனையைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடித்தால் தண்ணீர் வளையத்தைத் தாண்டிப் புகும். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது, இல்லையென்றால் சீல்டு செயினுக்கான கிளீனர், மென்மையான பிரஷ், பிறகு உலர்ந்த துணி. ஓட்டிவந்த சூடு ஆறும் முன், கீழ்ப்பக்க ஓட்டத்தின் உட்புறத்தில் 90 கியர் ஆயிலை மெல்லிய கோடாக விட்டு, இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் துடைத்துவிடுங்கள். இந்த எண்ணெய் ரப்பர் காயாமலிருக்கவும் ரோலர் துருப்பிடிக்காமலிருக்கவும்தான். ஒர்க்‌ஷாப்பில் இலவசமாக ஊற்றும் வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் ஏற்கெனவே இரும்புத்தூள் இருக்கிறது.

சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் இடத்தில் தொய்வை அளக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. தம்பி, டைட்டா வச்சிடு என்று சொல்லாதீர்கள். ஆள் உட்கார்ந்து பின்சக்கரம் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கும்.

இன்னொன்று. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியர் போட்டு ஓடவிட்டு, செயினில் துணியைப் பிடித்துத் துடைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. துணி சிக்கினால் விரலும் கூடவே போகும். என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித் துடையுங்கள்.