யாராவது சிரிச்சுட்டா..?

காலை எட்டு மணிவாக்கில் பெருமாநல்லூர் நால் ரோட்டில் ஒரு டீயைச் சொல்லிவிட்டு நின்று பாருங்கள். கோபி, குன்னத்தூர் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக வரும். சில திருப்பூருக்குப் போகும். சில பக்கத்திலேயே ஈட்டிவீரம்பாளையம் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவுக்குத் திரும்பும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிற பெண்களில் ஓரிருவராவது இன்றைக்குத்தான் முதன்முதலாக மெஷினில் உட்காரப் போகிறவர்களாக இருப்பார்கள். வயது முப்பத்தைந்து, நாற்பது. பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்தையே பார்க்காதவராகவும் இருக்கலாம். இன்று அவர் மறுபடியும் மாணவி!

"என்னங்க பயம்?" என்று கேட்டுப் பாருங்கள். மெஷின், ஊசி, கரன்ட் என்று எதையும் சொல்ல மாட்டார். "எல்லாரும் பாத்துட்டே இருப்பாங்களேங்க... யாராச்சும் சிரிச்சுட்டா..?" என்பார்.

வளர்ந்தவர்களுக்குப் பாடம் சொல்லித் தரக் கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். அரசாங்கம், கம்பெனி, இங்கிலீஷ் கிளாஸ்காரர், கம்ப்யூட்டர் சென்டர்காரர்... அத்தனை பேரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். ஆனால், அதைக் காதில் வாங்காமலே பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்த வாரம் என் புகார் அதைப் பற்றித்தான்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு எவ்வளவு, பற்று எவ்வளவு என்றுதான் புத்தி போகும். ஆறு வயசுப் பையன் வகுப்பில் தப்பாகப் பதில் சொன்னால், அவன் கணக்கில் நஷ்டம் எதுவும் விழுவதில்லை. 'குழந்தைதானே' என்று தள்ளுபடி செய்துவிடுவோம். நாற்பது வயசுப் பெண்மணியின் கணக்கு வேறு. தெருவில் ஏலச்சீட்டு நடத்துகிறவராக இருப்பார். யார் எத்தனை மாசம் கட்டினார்கள், யார் பாக்கி என்று பேப்பர் பேனா இல்லாமல் வாயாலேயே சொல்வார். நாலு வீட்டுப் பஞ்சாயத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, இருபத்திரண்டு வயசு ட்ரெய்னர் எல்லோர் முன்னாலும் "இதுகூடத் தெரியலையா?" என்று கேட்டால் என்ன ஆகும்? இருபது வருஷமாகச் சேர்த்த மரியாதை ஒரே கேள்வியில் காலி! மறுநாள் அவர் வர மாட்டார். "தலைவலிங்க" என்று சொல்லி அனுப்புவார். வருகைப் பதிவேட்டில் 'ஆர்வமில்லை' என்று எழுதிக்கொள்வார்கள். ஆர்வமெல்லாம் நிறைய இருந்தது சார். அதற்குக் கேட்கப்பட்ட விலைதான் கட்டுப்படியாகவில்லை!

'கைநாட்டு' என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோமே, யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? எழுதத் தெரியாத ஒரு மனிதரைக் குறிக்க இத்தனை குத்தலாக ஒரு சொல். எழுத்து தெரியாததைவிட அந்தப் பெயர் வெளியே தெரிவதுதான் அவமானம் என்று ஒரு சமூகமே சொல்லிக் கொடுத்திருக்கிறது. அப்புறம் 'முதியோர் கல்விக்கு யாரும் வரமாட்டேங்கறாங்க' என்றால் எப்படி வருவார்கள்?

"அதெல்லாம் சரிங்க... கொஞ்சம் பயம் இருந்தாத்தானே வேலை நடக்கும்?" என்று சூப்பர்வைசர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலும் நூறு வருஷத்துக்கு முன்பே வந்துவிட்டது.

1908-ல் அமெரிக்காவில் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு பேர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பெட்டி வெள்ளை, இன்னொன்று கறுப்பு. தப்பான பெட்டிக்குள் நுழைந்தால் ஷாக். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தவரைக்கும், ஷாக் கூடக்கூட எலி சீக்கிரம் கற்றுக்கொண்டது. ஆனால், இரண்டு பெட்டிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமானதும் கதை மாறியது. ஷாக் ஓர் அளவைத் தாண்டியபோது எலி தடுமாறியது. கற்றுக்கொள்ள அதிக நாள் பிடித்தது!

எலி வேறு, மனுஷன் வேறு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால், பனியன் கம்பெனிக்குள் போய் நின்றால் இந்தச் சோதனைதான் ஞாபகத்துக்கு வரும். பத்து வருஷமாக ஓவர்லாக் ஓட்டுகிற டைலரிடம் "ஷிப்மென்ட் போகணும், சீக்கிரம்!" என்று சத்தம் போட்டால் அவர் கை வேகமாகும். அவருக்குத் தெரிந்த வேலை. அதே சத்தத்தை, நேற்று சேர்ந்தவரிடம் போட்டால் தையல் கோணும். துணி இழுக்கும். ஊசி உடையும். 'பயமுறுத்தினா வேலை நடக்குது' என்று சூப்பர்வைசர் நம்புவதற்குக் காரணம், நடந்த வேலையெல்லாம் ஏற்கெனவே கற்றவர்கள் செய்தது. கற்றுக்கொள்ளாமலே ஓடிப்போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பயத்தை எப்படிக் கழற்றுவது என்று தையல் தொழிலுக்கே நன்றாகத் தெரியும். ஒழுங்கான பயிற்சி மையத்தில் முதல் நாளே துணியைக் கொடுக்க மாட்டார்கள். காகிதத்தில் கோடு போட்டுக் கொடுப்பார்கள். ஊசியில் நூலே கோக்காமல், கோட்டின் மேலேயே மெஷினை ஓட்ட வேண்டும். நேர்கோடு, அப்புறம் வளைவு, அப்புறம் சதுரம். கோணலாகப் போனால் காகிதத்தில் நாலு ஓட்டை. அவ்வளவுதான்! கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த காகிதம். தப்புக்குக் காசு கிடையாது, ஏச்சும் கிடையாது.

எழுத்து சொல்லித் தருகிறவர்களும், இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர்களும், கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறவர்களும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்... 'என் வகுப்பில் அந்தக் காகிதம் எங்கே?'

அந்தக் காகிதம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? கெட்டுப்போன பீஸ் பண்டலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். செக்கிங்கில் மாட்டும்வரை யாருக்கும் தெரியாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தது. காரணம் பின்னால்தான் புரிந்தது. நல்ல குழுவில் இருந்தவர்கள் பயமில்லாமல் தவறைச் சொன்னார்கள். மற்றவர்கள் மறைத்தார்கள்! பயத்தில் தவறு குறைவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

சரி, அப்போ பயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாலியாக நடத்தினால் போதுமா? அங்கேயும் ஒரு கோளாறு இருக்கிறது.

'ஃபன் ட்ரெய்னிங்' என்று ஒன்று வந்திருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். கோட் போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, "எல்லாரும் எழுந்து நில்லுங்க... பக்கத்துல இருக்கறவங்க தோளைத் தட்டுங்க... சத்தமா சொல்லுங்க, என்னால் முடியும்!" என்பார். பலூன் ஊதச் சொல்வார். மியூஸிக்கல் சேர் வைப்பார். ஐம்பது வயசு கட்டிங் மாஸ்டர் அசட்டுச் சிரிப்போடு கை தட்டுவார். உற்றுப் பாருங்கள், அந்தச் சிரிப்புக்குள் 'யாராவது பாத்துருவாங்களோ' என்ற பழைய பயமே உட்கார்ந்திருக்கும். ஒரு பெரிய மனுஷரைக் குழந்தையாக்கிவிட்டு அதற்குக் கலகலப்பு என்று பேர் வைப்பது என்ன நியாயம்? சாயங்காலம் வீட்டுக்குப் போனபின், இன்று என்ன புதுசாகச் செய்யத் தெரிந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

அப்படியானால் நிஜமான குஷி எது? புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்ப்போம்.

1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடந்தது, ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டையில் அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல் குவாரியில் கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்கள் எழுத்துக் கற்க வந்தார்கள். அந்த இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார்கள். பார்க்கப்போனால் அ, ஆவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருந்தது. சைக்கிள் பழகினால் எல்லோரும் விழுவார்கள். டீச்சரும் ஒருகாலத்தில் விழுந்தவர்தான். விழுந்தவளைப் பார்த்து அடுத்தவள் சிரிப்பாள், அடுத்த நிமிஷம் அவளும் விழுவாள். இவளும் சிரிப்பாள். 'யாராவது சிரிச்சுட்டா?' என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது... 'சிரிக்கட்டுமே!' மறுநாள் காலையில் பலனும் கையில். தண்ணீர்க் குடத்தை சைக்கிளில் கட்டலாம். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். அப்பாவையோ, புருஷனையோ, தம்பியையோ கெஞ்ச வேண்டாம்.

1992 மகளிர் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைக்குள் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே விரும்பி எடுத்தார்களாம். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாமே! கேலி பேசிய ஆண்களும் இருந்தார்கள். ஆனால், கூட்டமாக ஓட்டுகிறவர்களை எத்தனை நாள் கேலி பேச முடியும்?

பலூன் ஊதாமலே வந்த குஷி இது. 'நேற்று முடியாதது இன்று முடிகிறது' என்ற குஷி. வளர்ந்த மனிதர்களுக்கு வகுப்பறையில் இதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது.

அறிவொளி எல்லா இடத்திலும் ஜெயித்தது என்று நான் சொல்ல வரவில்லை. தொடர்ந்து படிக்கப் புத்தகமும் ஆளும் இல்லாத இடங்களில் கற்ற எழுத்து மெல்லக் கழன்றுபோனது. பாட்டும் நாடகமும் ஆளைக் கூட்டி வரும். கூட்டி வந்தவருக்கு நாளைக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே இதைத்தான் செய்து காட்டினார். 1963-ல் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். 'அணில், ஆடு' என்று ஆரம்பிக்கவில்லை. அந்த மனிதர்களின் வாயில் தினமும் புழங்குகிற சொற்களிலிருந்து தொடங்கினார். அந்தச் சொல்லைப் பற்றி அவர்களையே பேசவிட்டார். அதில் அவர்கள்தான் வாத்தியார்! அடுத்த வருஷமே ராணுவ ஆட்சி வந்து, அவரை ஜெயிலில் போட்டு, நாட்டைவிட்டே போகவைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நாட்டில் அப்போது ஓட்டு கிடையாது. பயம் போன மாணவனைப் பார்த்து யாருக்குப் பயம் வந்தது, பார்த்தீர்களா?

பெருமாநல்லூரில் ஒரு ஃப்ரெய்ரே வந்தால் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பார்? நூல், பீஸ், ஷிப்ட், சம்பளம், பி.எஃப். 'பீஸ்' என்று எழுதக் கற்றவர் அடுத்து 'பீஸுக்கு எவ்வளவு?' என்று எழுதுவார். அதற்கடுத்து சம்பளச் சீட்டைக் கையில் வாங்கி, பிடித்தம் எதற்கு என்று கேட்பார்.

இங்கேதான் நிஜமான நஷ்டக் கணக்கு இருக்கிறது. வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்தவர் வெளியே வந்தும் கேட்க மாட்டார். பி.எஃப். பணம் ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டார். படிக்காமலே காகிதத்தில் கையெழுத்துப் போடுவார். தீப்பிடித்தால் எந்த வழி என்று கேட்கக்கூடத் தயங்குவார். பயத்தில் கற்ற முதல் பாடம் 'வாயைத் திறக்காதே' என்பதுதான். மற்ற பாடமெல்லாம் மறந்தாலும் அது மட்டும் மறப்பதில்லை.

பரீட்சையே கூடாது என்கிறீர்களா என்று கேட்டால், இல்லை. 2018-ல் கேரளாவில் 'அக்ஷரலக்ஷம்' எழுத்தறிவுத் தேர்வு நடந்தது. 96 வயது கார்த்தியாயினி அம்மா 100-க்கு 98 வாங்கி முதலிடம் வந்தார். அவருடைய மகள் அறுபது வயசுவாக்கில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் பாஸானதைப் பார்த்துத்தான் பாட்டிக்கு ஆசையே வந்ததாம். அடுத்து கம்ப்யூட்டர் கற்க வேண்டும் என்றார்! ஃபெயிலானால் இழக்க ஒன்றுமில்லாத பரீட்சை, முன்னால் ஒருவர் எழுதிக் காட்டிய பரீட்சை. அதில் படபடப்புகூட ருசிதான்.

பெருமாநல்லூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டத்தில் இறங்குகிறவர்களுக்கு நெருப்பு சுடாது என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை. விரதமிருந்து தயாராகிறார்கள். முன்னால் ஒருவர் இறங்கிப் போகிறார். பின்னால் ஒருவர் காத்திருக்கிறார். சுற்றி நிற்கிற கூட்டம் யாரும் சிரிக்க வந்த கூட்டம் இல்லை. வகுப்பறையில் இதில் பாதி இருந்தால்கூடப் போதுமே!

இன்னொரு நல்ல வகுப்பும் இந்தப் பக்கம் நடக்கிறது. அதற்கு போர்டு கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள் மளிகைக் கடையில் 'அண்ணா, அர கிலோ' என்று தமிழ் பழகுகிறார்கள். கடைக்கார அண்ணாச்சி 'ஆதா கிலோவா?' என்று ஹிந்தி பழகுகிறார். இரண்டு பேருமே தப்பாகப் பேசுகிறார்கள். இரண்டு பேருமே சிரிக்கிறார்கள். யாரும் ஃபெயிலாவதில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-ல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் வந்து சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பாஸ் என்ற கணக்கோடு, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், அவர்களை யார் என்ன சொன்னார்கள் என்ற கணக்கையும் எடுத்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒன்று. இதெல்லாம் கம்பெனிக்கும் கலெக்டருக்கும் சொன்னது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். முதியோர் வகுப்பு உங்கள் வீட்டிலும் நடக்கிறது. அம்மாவுக்கு செல்போனில் பணம் அனுப்பச் சொல்லித் தருகிறீர்கள் இல்லையா? அப்பாவுக்கு ஓ.டி.பி. என்றால் என்ன என்று விளக்குகிறீர்கள் இல்லையா? மூன்றாவது தடவை கேட்டதும் நம் குரல் எப்படி மாறுகிறது? "எத்தனை தடவம்மா சொல்றது? இங்க குடு!" என்று போனைப் பிடுங்கி, நாமே அமுக்கிக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அம்மா கேட்பதில்லை. 'எனக்கெதுக்குப்பா அதெல்லாம்' என்று ஒதுங்கிக்கொள்கிறார். நாளைக்கு எவனோ ஃபோன் பண்ணி ஓ.டி.பி. கேட்டால், சொல்லலாமா கூடாதா என்று நம்மிடம் கேட்கவும் அதே தயக்கம்தான் தடுக்கும்.

இன்று ராத்திரி அம்மா கையில் போனைக் கொடுங்கள். உங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். தப்பானால் மறுபடியும் ஒரு ரூபாய். அதுதான் நூல் கோக்காத ஊசி, அதுதான் காகிதம். பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லிக் கொடுங்கள்.

உங்களுக்கு அ, ஆ சொல்லித் தந்தபோது அவர் எத்தனை தடவை என்று எண்ணவில்லை!