ஒன்பதரை மணிக் குரல்

'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக வந்த ஜி. மாரிமுத்துவை நான் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நம்மில் சீரியலை உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? அம்பத்தூர் ஒரகடத்தில் எங்கள் தெருவை எடுத்துக்கொண்டால், இரவு ஒன்பதரைக்கு ஒரு வீட்டில் கிரைண்டர் கழுவிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வீட்டில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓவர்டைம் முடித்து வந்த மகனுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருப்பார்கள். டிவி கூடத்தில் ஓடும்; கதை காது வழியாக அடுப்படிக்குப் போய்ச் சேரும். யாராவது சத்தமாக அழுதால் மட்டும் கரண்டியோடு வந்து எட்டிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, "இவளா? இவ எப்பவும் அழுவா" என்று திரும்பிவிடுவார்கள்.

ஆகவே சீரியலைக் காதால் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. இது ஒன்றும் புதிதாக வந்த பழக்கமில்லை. வானொலியில் 'திருவிளையாடல்' ஒலிச்சித்திரம் கேட்டு, படத்தையே பார்த்ததுபோல வசனத்தை ஒப்பித்த ஜனங்கள் நாம். 1984-இல் 'விதி' வந்தபோது அதன் கோர்ட் காட்சிக் கேசட்டைக் கல்யாண வீட்டுக் குழாயில் போட்டுக் கேட்டோம். மணமேடையில் தாலி ஏறும். வாசலில் சுஜாதா குறுக்கு விசாரணை செய்துகொண்டிருப்பார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அந்தக் காதுதான் பின்னால் சன் டிவிக்கு வந்து உட்கார்ந்தது.

அந்தக் காதுக்குக் கிடைத்த ஆகப்பெரிய விருந்து மாரிமுத்து. தொடர் 2022 பிப்ரவரியில் தொடங்கியது. அவர் அதில் பேசியது ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாக, அவ்வளவுதான். நான் அதைத் தமிழ்ச் சின்னத்திரையின் மிக நல்ல ஒன்றரை ஆண்டு என்று சொல்வேன்.

வில்லன் என்றால் கத்த வேண்டும் என்றுதான் நம் சீரியல்கள் நமக்குப் பழக்கியிருந்தன. மாரிமுத்து கத்தியது குறைவு. வாக்கியத்தின் முன்பாதியை வெற்றிலை மடிக்கிற நிதானத்தில் சொல்லிக்கொண்டே வருவார். எதிரில் நிற்கிற பெண்ணும் சரி, நாமும் சரி, பெரியவர் சமாதானத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்து மூச்சு விடுவோம். அப்போது பின்பாதி வந்து விழும். "இந்தாம்மா" என்பதைக் கூப்பிடுகிற தொனியில் ஆரம்பித்து, அதன் வாலில் ஒரு "ஏய்" வைப்பார் பாருங்கள், அந்த இடைவெளியில் இருக்கிறது அவருடைய கலை. மீம் போட்டவர்கள் எல்லோரும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவில் அவர் விட்ட அரை நொடியை யாராலும் போலி செய்ய முடியவில்லை.

சிரிப்பும் அப்படித்தான். தம்பி ஞானம் ஏதாவது உளறினால், பதில் சொல்வதற்கு முன் மூக்கால் ஒரு சின்ன இளக்காரம் விடுவார். வசனத் தாளில் அப்படி ஒன்றை எழுத முடியாது. கேமரா அந்த நேரத்தில் வேறு யார் முகத்திலாவது இருந்திருக்கும். அடுப்படியில் நின்று கேட்கிறவருக்கோ, குணசேகரன் இப்போது எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார் என்பதுவரை தெரிந்துவிடும்.

அந்தப் பேச்சு வருசநாட்டுப் பக்கத்துப் பேச்சு. தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரிக்காரர் அவர். ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த் என்று பலரிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 'கண்ணும் கண்ணும்' (2008), 'புலிவால்' (2014) என்று இரண்டு படங்களை இயக்கியவர். 'யுத்தம் செய்' படத்தில் நடிகராகக் கவனிக்க வைத்தார். 'பரியேறும் பெருமாள்' படத்தில் நாயகியின் தந்தையாகத் தாழ்ந்த குரலில் பேசி நம்மைக் கலங்கடித்தார். பெரிய திரையில் இத்தனை செய்தவரை ஊருக்குத் தெரியவைத்தது ஒன்பதரை மணிச் சீரியல்தான். எங்கள் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர்களில் தென்மாவட்டத்துக்காரர்கள் நிறைய. அவர்களில் ஒருவர், "எங்க பெரியப்பா செத்து இருபது வருசமாச்சு. தெனமும் ஒன்பதரைக்கு வந்து திட்டிட்டுப் போறாரு" என்றார். நடிகருக்கு இதைவிடப் பெரிய விருது எதுவும் இல்லை. ஆவடி டாங்கி ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸிலும் திருமுல்லைவாயலிலும் இப்படிப்பட்ட பெரியப்பாக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்தானே பாதிப் பேர்!

தொடரின் இயக்குநர் திருச்செல்வம் கெட்டிக்காரர். இந்தக் குரலைத் தனியாக விட்டால் அது வீட்டையே விழுங்கிவிடும் என்று தெரிந்து, எதிரே சரியான குரல்களை நிறுத்தினார். பட்டம்மாளாக வந்த பாம்பே ஞானம், முழுக்க முழுக்கப் பெண்களே நடிக்கிற நாடகக் குழுவை 1989-இலிருந்து நடத்தியவர். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய மேடைக் குரல் அது. குடும்பச் சொத்தில் பட்டம்மாளுக்குரிய நாற்பது சதவீதம் பற்றிப் பேச்சு வருகிற காட்சிகளில் அந்தக் குரல் நேராக வரும், மாரிமுத்துவின் குரல் வளைந்து வளைந்து வரும். நந்தினியாக ஹரிப்பிரியா முணுமுணுப்பில் ராணி. கொழுந்தியாள் அடுப்படியில் முணுமுணுப்பது கூடத்தில் இருக்கிற மச்சானுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்க வேண்டிய அளவு ஒன்று உண்டு. அந்த அளவு அவருக்கு அத்துப்படி. திருச்செல்வத்தின் இந்தக் காதுக்குப் பழைய சாட்சியும் உண்டு. 'கோலங்கள்' 1533 அத்தியாயம் ஓடியதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தேவயானியின் அபிக்குப் பக்கத்தில் உஷாவாகத் தீபா வெங்கட்டைப் பேசவிட்டது என் காரணம். சினிமாவில் எத்தனையோ நாயகிகளுக்குக் குரல் கொடுத்தவர், அங்கே தன் முகத்துக்கே பேசினார்.

இந்த இடத்தில் 'மர்மதேசம்' தொடரின் ரசிகர்கள் தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு'வுக்கு நிகராக ஒன்று உண்டா, அந்த ஒளியமைப்பு என்ன, அந்தக் கேமராக் கோணம் என்ன என்பார்கள். நானும் அந்தத் தொடரின் பக்தன்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். முதலில் வருவது கோணமா, ராத்திரியில் நெருங்கி வரும் குதிரைக் குளம்புச் சத்தமா? நாகாவும் காதைப் பிடித்துத்தான் நம்மை இழுத்துப் போனார். 'மெட்டி ஒலி' கட்சிக்காரர்களிடம் எனக்குச் சண்டையே கிடையாது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக டெல்லி குமார் பேசியதும், பாஸ்கர் சக்தியின் வசனமும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. 2020 ஊரடங்கில் சன் டிவி அதைத் திரும்பப் போட்டபோது, வேலைக்குப் போக வழியில்லாமல் வீட்டில் இருந்த ஆண்கள் கூட்டம் ஒன்று முதல்முறையாக அதை முழுசாகக் கேட்டது. அதற்குப் பிறகு "சீரியல்னா பொம்பளைங்க சமாச்சாரம்" என்கிற பேச்சு எங்கள் தெருவில் கொஞ்சம் அடங்கியது.

பூந்தமல்லிக்காரர்களுக்கு வேறொரு பெருமை உண்டு. செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. வளாகத்தில் பிக் பாஸ் வீடு நிற்பதால், நிகழ்ச்சி ஏதோ குமணன்சாவடியின் சொந்தத் தயாரிப்பு என்பதுபோலப் பேசுவார்கள். 2017-இல் கமல் தொடங்கிவைத்ததிலிருந்து எனக்கும் அவர்களுக்கும் இழுபறிதான். நூறு நாளைக்குக் கேமராவும் மைக்கும் மாட்டி வைத்தும், கேட்கத் தகுந்ததாகப் பேசுகிறவர் ஒரு பருவத்துக்கு ஒருவரோ இருவரோதான் தேறுகிறார்கள். மற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுகிறார்கள். கீழே எழுத்துப் போட்டால்தான் புரிகிறது. அந்த நிகழ்ச்சியின் ஆகச்சிறந்த நடிகர் யார்? முகமே காட்டாத அந்த 'பிக் பாஸ்' குரல்தான். நான் சொல்வதற்கு அவர்கள் வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது.

இளைஞர்கள் 'சுழல்', 'வதந்தி' என்று வெப் சீரிஸ் பக்கம் போய்விட்டார்கள். நல்ல தொடர்கள், மறுக்கவில்லை. ஆனால் அவை முழுக் கவனத்தைக் கேட்கின்றன. விளக்கை அணைத்து, காதில் இயர்போன் மாட்டி, வீட்டில் ஒருவர் மட்டும் பார்க்கிற கலை அது. சீரியல் அப்படிக் கட்டளை போடுவதில்லை. நாம் வேலை செய்துகொண்டே இருக்கலாம், அது பேசிக்கொண்டே இருக்கும். இதை மட்டம் என்கிறவர்கள், பாதிக் கவனத்தோடு இருக்கிற ஆளைத் தினமும் இருபது நிமிடம் கட்டிப்போடுவது எத்தனை கடினம் என்று யோசிப்பதில்லை.

2023 செப்டம்பர் 8-ஆம் தேதி காலை, இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்தது. அன்றே போய்விட்டார். அவர் நடித்த 'ஜெயிலர்' திரைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் ஜோதிடத்தை எதிர்த்து முகத்துக்கு நேரே பேசியிருந்தார். திரையில் பிற்போக்கின் குரலாக ஒலித்தவர், வெளியே அதற்கு நேர் எதிராகப் பேசினார். குரல் அதே குரல்தான்!

அவர் இடத்துக்கு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். அவரைக் குறை சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பெருநாழி மண்ணின் கனமான குரல் அவருடையது. 'மதயானைக் கூட்டம்' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் பயம்தான் வரும். மாரிமுத்துவின் குணசேகரனைக் கேட்டால் பயமும் சிரிப்பும் சேர்ந்தே வரும், நம் வீட்டுப் பெரிய மனுசர்களைக் கண்டால் வருவதுபோல. சிரிப்பு போனதும் குணசேகரன் வெறும் வில்லனாகிவிட்டார். 2024 ஜூனில் தொடர் முடிந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதன் தொடர்ச்சி வந்தது. கேட்கிறேன், விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கிரைண்டர் சத்தத்தை மீறி எட்டிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

பொதுவாகவே காதுக்கு மரியாதை குறைந்துவிட்டது. ஒருவர் ஒரு வார்த்தை சொன்னால் எதிரில் இருக்கிற ஏழு பேரின் அதிர்ச்சியை ஆளுக்கு மூன்று முறை காட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் இடி விழுகிற பின்னணி இசை. அடுப்படியில் நிற்கிறவருக்கு அது ஒரு நிமிடம் வெறும் இரைச்சல். பிற மாநிலங்களிலிருந்து நாயகிகள் வருகிறார்கள், வரட்டும். ஆனால் இரவல் குரல்கள் எல்லாம் ஒன்றுபோல ஒலிக்கின்றன. சேனல் மாற்றினாலும் அதே பெண்தான் அழுகிறாள் என்று தோன்றுகிறது. வட்டாரப் பேச்சு என்றால் வசனத்தின் முடிவில் 'லே' போட்டால் போதும் என்று யாரோ தீர்மானித்துவிட்டார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் ஓடியது ஆறாகி, ஏழும் ஆகிறது. எழுதுகிறவருக்கு மூச்சு விட நேரமில்லை என்றால் நடிகருக்கு அரை நொடி இடைவெளி எங்கிருந்து கிடைக்கும்?

இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள். எடுத்து முடித்த அத்தியாயத்தைச் சேனலுக்கு அனுப்புவதற்கு முன், திரையை அணைத்துவிட்டு ஒரு முறை முழுசாகக் கேளுங்கள். எங்கே புரியவில்லையோ அங்கே திருத்துங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. 'எதிர்நீச்சல்' முதல் அத்தியாயங்கள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. 2023 செப்டம்பருக்கு முந்தையவற்றில் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள். இருபது நிமிடத்தில் நான் சொன்னது சரியா தப்பா என்று உங்கள் காதே தீர்ப்பு சொல்லிவிடும்.